கொலை செய்தவரின் மகனுக்கு அந்தக் குணம் ரத்தத்தில் வருமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மற்றவர்களுக்கும் புரியும்படி அவர் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் கணவரின் அண்ணன் குடித்துவிட்டு வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரரை வெட்டிக் கொன்று, ஆயுள் தண்டனை பெற்றுக் கடலூர் மத்திய சிறையில் இருக்கிறார். அண்ணி அதற்கு முன்பே இறந்துவிட்டார். இப்போது 11 வயதாகும் அவர்கள் மகன் ஐந்து வருடமாகச் சித்தி வீட்டில், அதாவது இந்த அம்மாவிடம், அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளோடு வளர்கிறான். போன மாதம் பள்ளியில் கூடப் படிக்கும் பையனை ஜியாமெட்ரி பாக்ஸால் நெற்றியில் அடித்துவிட்டான். அந்தப் பையனுக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. தலைமை ஆசிரியர் டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார். வீட்டில் பையனின் ஆயாவே "அப்பன் ரத்தம், எங்க போகும்" என்கிறார். குற்றம் செய்யும் குணம் பரம்பரையாக வருமா, அதைக் கண்டுபிடிக்க ஜீன் டெஸ்ட் உண்டா, பையனைச் சிறைக்குக் கூட்டிப் போய் அப்பாவைக் காட்டலாமா என்று மூன்று கேள்விகள். நான்காவதை அவர் எழுதவில்லை. ஆனால் மற்ற மூன்றையும் கேட்க வைத்ததே அதுதான் என்று நினைக்கிறேன்: என் பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இவனை வைத்துக்கொள்ளலாமா?

நான் புதுச்சேரியில் அரசு மனநல மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிமன்றம் அனுப்பும் விசாரணைக் கைதிகளைப் பார்த்துச் சான்று எழுதுவதும், பள்ளிகள் "அடங்காத பையன்" என்று அனுப்பும் பிள்ளைகளைப் பார்ப்பதும் அந்த வேலையில் சேர்ந்தவை. ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து ஜீனைத் தேடியவன் இல்லை. தேடியவர்கள் எழுதியதைத் தொடர்ந்து படித்துவருபவன். உங்கள் பையனை நேரில் பார்க்காமல் அவனுக்கு இன்னது என்று சொல்லவும் மாட்டேன். முதலில் சுருக்கமான பதில்கள். ஒரு பிள்ளை பிற்காலத்தில் குற்றவாளி ஆவானா என்று சொல்லும் ஜீன் டெஸ்டோ ஸ்கேனோ உலகத்தில் எங்கும் இல்லை. எச்சில் மாதிரி அனுப்புங்கள் என்று ஆன்லைனில் யாராவது விற்றால் காசைக் கொட்டாதீர்கள். வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கையில், தாராளமாக. பரம்பரைக் கேள்விக்குத்தான் பதில் நீளும், ஏனென்றால் ஆயா சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

அந்த உண்மையை மறைக்க வேண்டியதில்லை. இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த 51 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2002ல் கணக்குப் போட்டார்கள். அடிதடி, திருட்டு, விதிமீறல் என்று சமூகத்துக்கு எதிராக நடந்துகொள்வதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் 40 சதவீதம் மரபணுவால், மீதி சூழலால் என்று வந்தது. இந்த எண்ணைப் படித்தவர்களே தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பையனுக்குள் 40 சதவீதம் குற்றவாளி உட்கார்ந்திருக்கிறான் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவே ஏன் வித்தியாசம் இருக்கிறது என்பதற்கான கணக்கு அது. தனி ஒருவரை எடுத்து இவ்வளவு அப்பா கொடுத்தது, இவ்வளவு ஊர் கொடுத்தது என்று பிரிக்க அதனால் முடியாது. ஊரும் காலமும் மாறினால் அந்த எண்ணும் மாறும்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு மிகவும் நெருங்கிவரும் ஆய்வு டென்மார்க்கில் நடந்தது. தத்துக் கொடுக்கப்பட்ட 14,000க்கும் மேற்பட்டவர்களின் நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்து, சார்னாஃப் மெட்னிக் என்பவரின் குழு 1984ல் வெளியிட்டது. பெற்றவர்களும் வளர்த்தவர்களும் வழக்கில் சிக்காதவர்கள் என்றால், ஆண்பிள்ளைகளில் 13.5 சதவீதம் பேர் பின்னாளில் ஏதோ ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தார்கள். வளர்த்தவர் மட்டும் தண்டனை பெற்றவர் என்றால் 14.7. பெற்றவர் மட்டும் என்றால் 20. இரண்டு பக்கமும் என்றால் 24.5. உங்கள் பையனின் நிலை மூன்றாவது வகை: பெற்றவர் சிறையில், வளர்ப்பவர்கள் மேல் ஒரு வழக்கும் இல்லை. அந்த வகையில்கூட 100 பேரில் 80 பேர் எந்தத் தண்டனையும் பெறாமல் வாழ்ந்திருக்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வந்த அந்தத் தொடர்பு திருட்டு, மோசடி போன்ற சொத்துக் குற்றங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் தெரியவில்லை. உங்கள் மைத்துனர் உள்ளே போனது வன்முறைக் குற்றத்துக்கு.

எண்கள் டென்மார்க்குடையவை, நம் ஊருக்கு அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது. எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு லேசாகச் சாய்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள் அல்லவா, அது கரை முழுவதற்கும் சேர்த்துச் சொல்கிற எச்சரிக்கை. தேவனாம்பட்டினத்தில் யார் வீட்டு ஓடு பறக்கும் என்று கூண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கே நான் சொல்லும் சதவீதங்கள் எல்லாமே அந்தக் கூண்டு ரகம்தான்.

சரி, பரம்பரையாக எதுதான் வருகிறது? சுபாவம் வருகிறது. சட்டென்று பொங்கும் கோபம், காத்திருக்க முடியாமை, பயம் குறைவாக இருப்பது, திட்டு வாங்கினாலும் உறைக்காமல் இருப்பது, இப்படி. உடம்பில் அளந்து பார்க்கக் கூடியவற்றில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி விடை தருவது ஓய்வாக இருக்கும்போதுள்ள நாடித்துடிப்பு. கட்டாய ராணுவப் பரிசோதனைக்கு வந்த 7 லட்சத்துக்கும் அதிகமான ஸ்வீடன் இளைஞர்களைத் தொடர்ந்து பார்த்து 2015ல் வெளியிட்டார்கள். துடிப்பு மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு 39 சதவீதம் கூடுதல். உடம்பு எளிதில் பதறாதவர்களுக்குப் பயம் குறைவு, அல்லது பரபரப்பைத் தேடிப் போகிறார்கள் என்று விளக்கம் சொல்கிறார்கள். விளக்கம் இன்னும் முடிவாகவில்லை. தினமும் ஓடுகிற பிள்ளைக்கும் நாடி குறைவாகத்தான் இருக்கும், அதனால் பையன் கையைப் பிடித்து எண்ண ஆரம்பிக்காதீர்கள். பயம் அறியாத அதே சுபாவத்தோடு தீயணைப்புத் துறையில் பேர் வாங்கியவர்களும் உண்டு, கடலில் விழுந்தவனைக் குதித்துத் தூக்கிய மீனவர்களும் உண்டு.

ஜீன் என்று பேச ஆரம்பித்தால் எம்.ஏ.ஓ.ஏ. வந்தே தீரும். "போர்வீரன் ஜீன்" என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். செரடோனின், டோபமின் போன்ற மூளை ரசாயனங்களை உடைக்கும் நொதியை உண்டாக்குவது இந்த ஜீனின் வேலை. நெதர்லாந்தில் ஒரே குடும்பத்தில் பல ஆண்கள் அறிவு வளர்ச்சி சற்றுக் குறைந்து, திடீர்த் திடீரென்று வெறித்தனமாக நடந்துகொண்டார்கள். அவர்களிடம் இந்த ஜீன் அறவே வேலை செய்யவில்லை என்று 1993ல் ஹான் ப்ரூனர் குழு கண்டது. அது அரிதிலும் அரிது. பரவலாக இருப்பது ஜீன் மந்தமாக வேலை செய்யும் வகை. அது மூன்று ஆண்களில் ஒருவருக்காவது இருக்கும், இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் இருக்கும். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 73ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அந்த ஆண்களில் மந்தமான வகையும் இருந்து, சிறு வயதில் கொடுமையும் அனுபவித்தவர்கள் 12 சதவீதம். மொத்த வன்முறைத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் கணக்கில் இருந்தது என்று 2002ல் எழுதினார்கள். அதே மந்தமான வகையோடு பிறந்து, கொடுமை இல்லாத வீட்டில் வளர்ந்தவர்கள் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். இதை மறுபடி சோதித்தவர்களில் சிலருக்கு அதே முடிவு வந்தது, சிலருக்கு வரவில்லை. ஒற்றை ஜீனைப் பிடித்துக்கொண்டு செய்த அந்தக் காலத்து ஆய்வுகள் பல பின்னால் நிற்கவில்லை. இது ஓரளவு நிற்கிறது, அவ்வளவுதான்.

இதில் உங்கள் மாமியாரிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. எம்.ஏ.ஓ.ஏ. இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆண்பிள்ளைக்கு அப்பா கொடுப்பது ஒய். எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். ஆகவே அந்த ஜீன் உங்கள் பையனுக்கு அப்பாவிடமிருந்து வந்திருக்க வழியே இல்லை. அப்பாவிடம் ஏதாவது இருந்தால் அது ஆயாவே அவருக்குக் கொடுத்தது. சண்டைக்காக இதைச் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் ரத்தம் ரத்தம் என்று பேசுகிறவர்கள் அதன் கணக்கையும் தெரிந்துகொண்டு பேசலாம். குரோமோசோம் பேச்சு வந்ததால் இன்னொரு பழைய கதை: ஒரு ஒய் கூடுதலாக உள்ள ஆண்கள் முரடர்கள் என்று 1965ல் ஸ்காட்லாந்தில், ஆட்களைக் காவலில் வைத்து வைத்தியம் பார்க்கும் மனநல மருத்துவமனை ஒன்றில் தொடங்கிய பேச்சு பல வருடம் ஓடியது. 1976ல் கோபன்ஹேகனில் முறையாகத் தேடியபோது அவர்கள் வன்முறையில் மிஞ்சியவர்களாகத் தெரியவில்லை. ஆயிரம் ஆண்களில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது.

பிறவிக் குற்றவாளி என்ற எண்ணத்தை நான் கொஞ்சம் கோபத்தோடு எதிர்க்கக் காரணம் உண்டு. 1876ல் இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் மண்டை ஓட்டையும் தாடையையும் அளந்து குற்றவாளியை அடையாளம் காணலாம் என்று எழுதினார். அதற்கும் ஐந்து வருடம் முன்பே, 1871ல், வெள்ளைக்காரர்கள் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுவிட்டார்கள். 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தாலே போலீஸ் பதிவேட்டில் கைரேகை. ராத்திரியில் ஊர் ஆண்கள் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் வெளியூர் போகக் கூடாது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947ல் ரத்தானது, நாடு முழுவதும் 1952ல். தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் 60க்கு மேற்பட்ட சமூகங்கள் இருக்கின்றன, அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆசிரியராகவும் மருத்துவராகவும் போலீஸ்காரராகவும் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறையில் ஜீன் மாறிவிடாது. பதிவேடு போனது, பள்ளிக்கூடம் வந்தது.

உடம்பைச் சார்ந்தது எல்லாம் பரம்பரை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூளைக்கு வெளியிலிருந்து வரும் சேதங்கள் இருக்கின்றன. தலைக்காயம் முக்கியமானது. ஸ்வீடனில் மருத்துவமனையில் சேரும் அளவுக்குத் தலையில் அடிபட்டவர்களில் 8.8 சதவீதம் பேர் பின்னால் வன்முறைக் குற்றத்தில் சிக்கினார்கள். அடிபடாதவர்களில் 3 சதவீதம். அடிபடாத தங்கள் சொந்தச் சகோதரர்களோடு ஒப்பிட்டாலும் சுமார் இரண்டு மடங்கு இருந்தது, ஆக குடும்பச் சூழ்நிலை மட்டும் காரணம் இல்லை. அதே ஆய்வில் வலிப்பு நோயையும் பார்த்தார்கள்: சகோதரர்களோடு ஒப்பிட்டதும் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வலிப்பு உள்ள பிள்ளையைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஈ.சி.ஆரில் ஹெல்மெட் இல்லாமல் பிள்ளையை டேங்க் மேல் உட்கார வைத்துப் போகும் அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வரும். உங்கள் பையன் எப்போதாவது வண்டியிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து நினைவு தப்பியிருக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா குடித்துவிட்டு அடித்ததில் தலையில் பட்டிருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

ஈயம் இன்னொன்று. சிறு வயதில் ரத்தத்தில் ஈயம் ஏறினால் படிப்பும் கவனமும் கெடும் என்பது உறுதி. குற்றம் வரைக்கும் கொண்டுபோகுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈயம் அதிகமிருந்த குழந்தைகள் வளர்ந்தபின் அதிகம் கைதானார்கள். டுனெடினில் ஏழை பணக்காரர் என்று இல்லாமல் எல்லாக் குழந்தைக்கும் ஈயம் ஏறியிருந்தது. அங்கே குற்றத்தோடு தொடர்பு மிகப் பலவீனமாகத்தான் தெரிந்தது. நம் நாட்டில் 2000ல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்துவிட்டார்கள். பழைய பேட்டரி உடைக்கும் இடங்கள், பழைய பெயிண்ட், நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள்தூள் ஆகியவை இன்னும் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரி வேலை நடந்தால் மட்டும் இதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

இனி சூழலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, "அவன் அம்மா உயிரோடு இருந்தபோது தினமும் அடி உதை" என்று. என் பார்வையில் அப்பாவின் ஜீனைவிட இந்த வரிக்குக் கனம் அதிகம். அமெரிக்காவில் கேத்தி விடம் என்ற ஆய்வாளர், கொடுமைக்கோ கவனிப்பின்மைக்கோ ஆளானதாக நீதிமன்றம் பதிந்த 908 குழந்தைகளை, அதே வயது, அதே தெருச் சூழலில் அப்படிப் பதிவு இல்லாத 667 பேரோடு ஒப்பிட்டு 1989ல் எழுதினார். 18 வயதுக்குள் போலீஸில் சிக்கியவர்கள் முதல் கூட்டத்தில் 26 சதவீதம், இரண்டாவதில் 17. வன்முறைக்காகக் கைதானவர்கள் 11, 8. கூடுதல்தான், சந்தேகமில்லை. ஆனால் அப்படி வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வன்முறைக்காகக் கைதாகவில்லை.

அடிபட்ட பிள்ளைகளிடம் வேறொன்று தங்கிவிடுகிறது. வரிசையில் பின்னால் நிற்பவன் தெரியாமல் இடித்தாலும் வேண்டுமென்றே இடித்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். குடித்துவிட்டு வரும் அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று கணிக்கப் பழகிய குழந்தைக்கு அந்த முன்ஜாக்கிரதை வீட்டில் உதவியது. பள்ளியில் அதுவே வம்பு. கென்னத் டாட்ஜ் என்பவர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, 2015ல் 9 நாடுகளில் பார்த்தபோதும் இதே போக்கு இருந்தது: எதிராளி வேண்டுமென்றே செய்தான் என்று நினைக்கிற பிள்ளைகள்தான் அதிகம் கைநீட்டுகிறார்கள். இதைப் பேசிப் பேசி மாற்ற முடியும். ஜியாமெட்ரி பாக்ஸ் விஷயத்தில் "ஏன்டா அடிச்ச" என்று கேட்டிருப்பீர்கள். அதற்கு முன்னால் அந்தப் பையன் என்ன சொன்னான், என்ன செய்தான் என்று கேளுங்கள். கொலைகாரன் மகன் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

புதுச்சேரியின் காலாப்பட்டுச் சிறை வழியாகவும் கடலூர் சிறை வழியாகவும் என்னிடம் வந்த கொலை வழக்குக் கைதிகளில் நான் அதிகம் கேட்ட கதை மூளைக் கோளாறோ பிறவி வெறியோ இல்லை. சரக்கு, பழைய மனஸ்தாபம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு அரிவாள், வேடிக்கை பார்க்க நாலு பேர். பத்து நிமிஷத்தில் முடிந்துபோயிருக்கும். மறுநாள் காலையில் அந்த ஆள் சாதாரணமாக உட்கார்ந்து, என் நாத்துக்குத் தண்ணி யார் பாய்ச்சுவாங்க என்று கேட்பார். குடி எல்லோரையும் வெட்ட வைப்பதில்லை. ஏற்கெனவே பொங்கும் சுபாவத்தின் கடிவாளத்தைக் கழற்றிவிடுகிறது. தானாகக் குடித்த போதையைச் சட்டமும் சாக்காக ஏற்பதில்லை. அப்பன் ரத்தம் என்று ஏதாவது ஒன்றைக் கவனிக்க வேண்டுமென்றால் இதைக் கவனியுங்கள்: குடிக்கு அடிமையாவதில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி மரபணுவோடு சேர்ந்தது. கொலையைவிடக் குடிதான் அந்தப் பக்கத்திலிருந்து வர வாய்ப்பு. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும், புதுச்சேரியில் 18. நெல்லிக்குப்பத்துப் பையனுக்குப் புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடை ஒரு பஸ் தூரம். இன்னும் நாலைந்து வருடத்தில், அப்பா குடியால் என்ன ஆனார் என்பதை ஒளிக்காமல் அவனிடம் பேசிவிடுங்கள். முதல் கிளாஸை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவு நல்லது.

நல்ல சூழல் எவ்வளவு செய்யும் என்பதற்கு மொரீஷியஸ் ஆய்வைச் சொல்வேன். பிரெஞ்சுக்காரர்கள் 18ம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கொத்தனாரையும் தச்சரையும் கப்பலேற்றிய அதே தீவு. அங்கே 1,795 குழந்தைகளை 3 வயதிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். அதில் 100 பேருக்கு மட்டும் இரண்டு வருடம் நல்ல சாப்பாடு, விளையாட்டு, நடைப்பயிற்சி, பயிற்சி பெற்ற டீச்சர் என்று தனிப் பள்ளி. 17 வயதில் அவர்களிடம் நடத்தைக் கோளாறு குறைவாக இருந்தது, 23 வயதில் தாங்கள் செய்த தப்புகள் என்று அவர்களே சொன்னதும் குறைவு. முதலில் சத்தில்லாமல் இருந்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம். நீதிமன்றப் பதிவை மட்டும் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை, குழந்தைகளின் எண்ணிக்கை சின்னது. சாப்பாடா, விளையாட்டா, டீச்சரின் பாசமா, எது வேலை செய்தது என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930ல், புதுச்சேரிப் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. அதைக் குற்றத் தடுப்பு என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்வேன்.

பையன்களை நேரில் பார்க்கும்போது நடப்பது இந்தப் பெரிய ஆய்வுகள் மாதிரி இருக்காது. பாகூர் பக்கத்திலிருந்து ஒரு பையனை அனுப்பினார்கள்: சொன்ன பேச்சு கேட்பதில்லை, பின்னால் வந்து தொட்டால் திரும்பி அறைகிறான். அப்பா அடிதடி வழக்கில் இருந்தவர், அதையும் ஆசிரியர் குறிப்பில் எழுதியிருந்தார். அறைக்குள் வந்தவன் என் இடது பக்க நாற்காலியில் உட்காராமல் இழுத்து வலது பக்கம் போட்டுக்கொண்டான். கிட்டப் போனதும் சீழ் வாடை. இரண்டு காதும் வருடக்கணக்காக வடிந்து, ஒன்றில் ஏறக்குறைய கேட்கவே இல்லை. சொன்ன பேச்சு காதில் விழவில்லை. பின்னால் வருபவன் தொடும்வரை தெரியாது. காதுக்கு வைத்தியம் பார்த்து, முதல் பெஞ்சில் உட்கார வைத்ததில் பாதிப் புகார் போய்விட்டது. மீதிப் பாதிக்குப் பேச்சும் பயிற்சியும் தேவைப்பட்டன.

ஆகவே உங்கள் பையனுக்கு முதலில் காது, கண், தூக்கம், படிக்க வருகிறதா என்று பாருங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை வகுப்பில் அவமானப்பட்டு அவமானப்பட்டுக் கையை ஓங்கும். அப்புறம், அடிப்பது குழந்தை கற்றுக்கொள்ளும் ஒன்று அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மனிதர்கள் அதிகம் அடிப்பது இரண்டு மூன்று வயதில்தான் என்று கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே போன்றவர்கள் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு மெல்ல மெல்ல அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறோம். உங்கள் பையனுக்கு அந்தப் பாடம் நடக்க வேண்டிய வருடங்களில் வீடு வீடாக இல்லை. பாடத்தில் பின்தங்கியிருக்கிறான், அவ்வளவே. ஒரு தடவை அடித்ததை வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன். நாய், பூனையைத் துன்புறுத்துவது, தீ வைப்பது, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளைத் திட்டமிட்டு வதைப்பது, பிறகும் துளி வருத்தம் இல்லாமல் இருப்பது, இவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். பெண்பிள்ளைகளிடம் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நம் பயத்தைவிட அவர்கள் பதில் நம்பகமானது. வீட்டில் அவனை அடித்துத் திருத்த வேண்டாம், அந்த வைத்தியத்தை அவன் அப்பா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்.

சிறையில் மனு போட்டு அப்பாவைப் பார்ப்பது பற்றி. பெற்றவர் சிறைக்குப் போன பிள்ளைகளிடம் முரட்டு நடத்தை சற்று அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன; போய்ப் பார்ப்பதால் நன்மையா கெடுதலா என்பதில் அவை ஒரே குரலில் பேசவில்லை. என் யோசனை இது: பையன் கேட்டால் கூட்டிப் போங்கள், கேட்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அவனுக்கு அடி விழுந்த ஞாபகம் பெரிதாக இருந்தால் முதலில் கடிதம் போதும். போவதென்றால் கூட்டம், காத்திருப்பு, சோதனை, கொஞ்ச நேரப் பேச்சு என்று எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள். சித்தப்பா கூட இருக்கட்டும், ஆயா வேண்டாம். அங்கே அழுது ஆர்ப்பாட்டம் ஆகிவிடும். அப்பா வேலைக்கு வெளிநாடு போயிருக்கிறார் என்ற கதையை மட்டும் கட்டாதீர்கள், பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கடைசியாக டி.சி. விஷயம், இதற்குத்தான் அவசரம். 2009ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16வது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. நீங்களாகவே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் அவர்களுக்கு வழி, ஆகவே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியேற்றுவதாக இருந்தால் எழுத்தில் தாருங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். தராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அடிபட்ட பையன் வீட்டுக்குக் கணவரும் நீங்களுமாக ஒரு நடை போய், தையல் செலவைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தாய் இறந்து தந்தை சிறையில் உள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். தாயின் இறப்புச் சான்றும், தந்தை சிறையில் இருப்பதற்கான சான்றும் கையோடு எடுத்துப் போங்கள்.